வாசித்தலும் விளங்குதலும்: சிறுவர்க்குக் கதைவழி மொழி கற்பித்தல்

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சீகன்பால்க், தமிழ் கற்க விரும்பியபோது, உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டிக்கொண்டார். சிறுவரோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். எழுத்துகள் விரைவிலேயே அவருக்கு வசமாயின. ஆனால் எழுத்துக் கூட்டிச் சொல்லிய சொற்களின் பொருள் அவருக்கு விளங்கவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாததால் அவராலும் விளக்க இயலவில்லை. போர்த்துக்கீசியம் அறிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணை கிடைத்த பின்னரே, வாசித்தவை அவருக்குச் சொற்களாயின.

இந்நிகழ்ச்சியைத் திருச்சபை வரலாற்றில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். சீகன்பால்க் கடந்து சென்ற அந்த முதல் நிலையிலேயே நம் சிறுவர் பலர் இன்றும் நின்றுவிடுகின்றனர் என்பதையோ நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. எழுத்தை ஒலிக்கத் தெரிந்த பிள்ளை, வாசித்ததை விளங்கிக்கொண்டது என்று கருதிவிடுகிறோம். இக்கருத்து தவறானது என்பதையும், இக்குறையைத் தீர்க்கச் சபை மன்றங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் ஒரு கதையைக் கொண்டு என்ன செய்ய இயலும் என்பதையும், சேலம், நாமக்கல் சமவெளிச் சபைகளை மனத்திற்கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. நாம் கண்டது

மேச்சேரியை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஞாயிறு பள்ளி முடியும் வேளையில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் காணாமற்போன ஆட்டின் உவமையை வாசிக்கச் சொன்னோம். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தின் அப்பகுதியை அவள் தங்குதடையின்றி வாசித்தாள். 'தொண்ணூற்றொன்பது' என்னும் நீண்ட சொல்லிலும் அவள் நா இடறவில்லை. கூடியிருந்த பெற்றோர் மகிழ்ந்தனர். "அந்த மனிதர் என்ன செய்தார்?" என்று வினவினோம். அவள் வாசித்த வரியையே மீண்டும் வாசித்தாள். "மற்ற ஆடுகளை எங்கே விட்டுவிட்டுப் போனார்?" என்றோம். 'வனாந்தரம்' என்னும் சொல்லின்மேல் விரலை வைத்தாள். "வனாந்தரம் என்றால் என்ன கண்ணு?" என்றபோது தலை குனிந்தாள்.

பின்னர் நூலை மூடிவிட்டு, அதே நிகழ்ச்சியை அவ்வூர்ப் பேச்சில் சொன்னோம். சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மலர்ந்தது. "எங்க ஊட்டு ஆடும் இப்படித்தானுங்க ஐயா போயிருச்சு. எங்க அப்புச்சி ராத்திரியெல்லாம் தேடுனாரு" என்றாள். மேச்சேரி ஆடு என்று தனி இனமே பெயர் பெற்றுள்ள மண் அது. மந்தையைப் பற்றி அவளுக்கு நாம் கற்பிக்க வேண்டியது ஒன்றுமில்லை. அவளுடைய அறிவுக்கும் அச்சிட்ட பக்கத்திற்கும் இடையே பாலம் இல்லை என்பதே குறை.

இது ஒரு பிள்ளையின் குறையன்று. ஊரகப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளந்துவரும் 'ஏசர்' ஆய்வின்படி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியை வாசிக்கக் கூடியவர்கள் 2022இல் இந்திய அளவில் 20.5 விழுக்காட்டினர்; தமிழ்நாட்டிலோ 4.8 விழுக்காட்டினர் மட்டுமே. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததும் இதற்கு ஒரு காரணம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் நிலை ஓரளவு தேறியது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வாய்வு முதன்மையாக அளப்பது பிள்ளை பிழையின்றி வாசிக்கிறதா என்பதையே. வாசித்தது விளங்கியதா என்னும் வினா அதற்கு அப்பாலும் எஞ்சி நிற்கிறது.

2. குறையின் வேர்

1986இல் காஃப், டன்மர் என்னும் அறிஞர் இருவர் வாசிப்பைப் பற்றி எளிய கொள்கை ஒன்றை முன்வைத்தனர். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. கேட்ட மொழியை விளங்கிக்கொள்ளும் திறன் மற்றொன்று. வாசித்து விளங்குதல் என்பது இவ்விரண்டின் பெருக்கற்பயன் என்றனர். இது கூட்டல் அன்று. பெருக்கலில் ஒன்று சுழியானால் பயனும் சுழியே. ஆகவே எழுத்தறிவில் முழுத் தேர்ச்சி பெற்ற பிள்ளையும், அந்நூலின் மொழியைக் கேட்டு விளங்கிக்கொள்ளாவிடில், எதையும் பெறுவதில்லை.

தமிழில் இந்த ஆபத்து பெரிது. நம் எழுத்துமுறை பெரும்பாலும் ஒழுங்கானது. 247 எழுத்துகளையும் கற்க நாளாகும் என்பது மெய்யே. கற்றபின் முன்பின் அறியாத சொல்லையும் எழுத்துக் கூட்டி ஒலித்துவிடலாம். ஆங்கிலத்தில் பொருள் தெரியாத சொல்லைப் பிள்ளை தவறாக ஒலிக்கும். ஆசிரியர் உடனே கண்டுகொள்வார். தமிழிலோ பொருள் தெரியாத சொல்லையும் பிள்ளை சரியாகவே ஒலித்துவிடுகிறது. அதனால் விளங்காமை நம் செவிக்கு எட்டாமற்போகிறது.

இதனோடு இரட்டை வழக்கு என்னும் நிலையும் சேர்கிறது. ஒரே மொழி பேச்சில் ஒரு வடிவிலும் எழுத்தில் வேறொரு வடிவிலும் வழங்குவதை 1959இல் ஃபெர்குசன் என்னும் மொழியியலார் விளக்கினார். பின்வந்தோர் இதற்குத் தமிழைச் சிறந்த சான்றாக எடுத்தாண்டுள்ளனர். 'போயிட்டிருந்தாரு' என்று நாள்தோறும் சொல்லும் பிள்ளை நூலில் 'சென்றுகொண்டிருந்தார்' என்று காண்கிறது. வீட்டில் 'குச்சிக்கிழங்கு' எனப்படுவது பாடநூலில் 'மரவள்ளிக்கிழங்கு' ஆகிறது. 'பொழுதோட' என்பது 'மாலையில்' ஆகிறது. 'அப்புச்சி' 'தாத்தா' ஆகிறார். வளர்ந்தோராகிய நாம் இரு வழக்குகளுக்கும் இடையே எளிதிற் கடந்து செல்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு நூல்வழக்கு ஏறக்குறைய இரண்டாம் மொழி. அதனை எவரும் அப்பிள்ளையிடம் பேசியதில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்நிலை மேலும் சிக்கலானது. நம் சபைகளிலும் அண்டையிலும் வாழும் அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு. சேலம் நகரில் சௌராட்டிரம் பேசுவோரும், மேட்டூர்ப் பக்கத்தில் கன்னடம் பேசுவோரும் உள்ளனர். நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் பிற தொழிலிடங்களிலும் வேலைக்கு வந்துள்ள வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் பேசுகின்றனர். இத்தகைய பிள்ளை முதலில் ஊர்ப் பேச்சுத்தமிழையும், பின்னர் நூல்தமிழையும் கடந்தாக வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி விசைத்தறிக் கூடங்களில் முறைவேலை பார்க்கும் பெற்றோர்க்குப் பிள்ளையோடு அமர்ந்து கதை பேசும் மாலைப்பொழுது வாய்ப்பதும் அரிது.

3. ஏன் கதை?

நூல்மொழியைப் பிள்ளைக்குப் பழக்க வழிகள் பல இருக்கலாம். சொற்பட்டியலும் பொருளும் எழுதிப்போட்டு ஒப்பிக்கச் செய்வது நாம் நெடுங்காலம் பழகிய வழி. ஆனால் பட்டியலில் நிற்கும் சொல்லைப் பிள்ளை பற்றிக்கொள்ள அங்குப் பிடி ஒன்றும் இல்லை. கதையிலோ யார் என்ன செய்தார், ஏன் செய்தார், அடுத்து என்ன ஆயிற்று என்னும் தொடர்பு உண்டு. தெரியாத சொல் ஒன்று வந்தாலும், அத்தொடர்பு அதன் பொருளில் பாதியைப் பிள்ளைக்கு உணர்த்திவிடுகிறது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. நியூசிலாந்தில் எல்லி என்பவர் சிறுவர்க்குக் கதை வாசித்துக் காட்டி, அவர்கள் புதிதாகப் பெற்ற சொற்களை அளந்து 1989இல் வெளியிட்டார். விளக்கமின்றி வாசிக்கக் கேட்டபோது, முன்பு அறியாத சொற்களில் ஏறக்குறைய 15 விழுக்காடு அவர்கள் வசமாயிற்று. வாசிக்கும்போதே ஆசிரியர் சுருக்கமாகப் பொருள் சொன்னபோது அது ஏறக்குறைய 40 விழுக்காடாக உயர்ந்தது. வெறுமனே கேட்டலிலும் பயன் உண்டு. இடையிடையே ஒரு சொல் விளக்கினால் பயன் இரு மடங்கிற்கும் மேலாகிறது. முந்திய ஆண்டு, 1988இல், வைட்ஹர்ஸ்ட் குழுவினர் மற்றொன்றைக் காட்டினர். படக்கதை வாசிக்கும் பெற்றோர், ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடாத வினாக்களைக் கேட்டுப் பிள்ளையைப் பேசவைத்தால், ஒரு மாத காலத்திலேயே பிள்ளையின் மொழி வளர்ச்சியில் மாற்றம் தெரிகிறது என்பதே அது.

4. ஒரு கதை, ஐந்து மாலைகள்

முறையை விளக்க எடுத்துக்காட்டு ஒன்று தருகிறோம். மேற்கூறிய உவமையையே மனத்திற்கொண்டு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்காக நாம் எழுதிய சிறு கதை இது:

"தாத்தாவிடம் இருபது ஆடுகள் இருந்தன. அந்தி நேரத்தில் அவர் ஆடுகளைப் பட்டியில் அடைத்தார். ஒவ்வொன்றாக எண்ணினார். பத்தொன்பதுதான் இருந்தன. ஒரு குட்டியைக் காணவில்லை. தாய் ஆடு தவித்தது. தாத்தா விளக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஓடைக்கரை எங்கும் அலைந்தார். முள்வேலி ஓரத்தில் மெல்லிய குரல் கேட்டது. குட்டியின் கால் வேலியில் சிக்கியிருந்தது. தாத்தா மெதுவாக முள்ளை விலக்கினார். குட்டியைத் தோளில் சுமந்து வந்தார். அவர் கையில் கீறல்கள் இருந்தன. அவர் முகத்திலோ சிரிப்பு இருந்தது."

முதல் மாலை, நூலின்றி, ஊர்ப் பேச்சில் இக்கதையைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இடைமறித்துத் தங்கள் வீட்டு ஆட்டைப் பற்றிப் பேசினால் தடுக்கலாகாது. பட்டி, ஓடை, வேலி ஆகியவை அவர்கள் அறிந்தவை. அவ்வறிவை வெளிக்கொணர்வதே அன்றைய பணி. வீட்டில் தெலுங்கோ வேறு மொழியோ பேசும் பிள்ளை அம்மொழியில் ஒரு சொல் சொன்னால், அதனையும் ஏற்றுக்கொண்டு அதன் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை வைக்கலாம்.

இரண்டாம் மாலை, கதையைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதித் தொங்கவிட்டு, எழுதியபடியே நிதானமாக வாசிக்க வேண்டும். கதை முன்பே தெரியுமாதலால், பிள்ளையின் கவனம் மொழியின்மேல் திரும்பும். 'காணவில்லை' என்பதே தான் சொல்லும் 'காணோம்' என்றும், 'சுமந்து வந்தார்' என்பதே 'தூக்கிட்டு வந்தாரு' என்றும் அது தானே கண்டுகொள்ளும். பேச்சு தாழ்ந்தது, எழுத்து உயர்ந்தது என்னும் எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் விழாதபடி ஆசிரியர் காத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பேச்சை இழிவாகக் கருதத் தொடங்கிய பிள்ளை வாய் திறப்பதையே நிறுத்திவிடும்.

மூன்றாம் மாலை சொற்களுக்குரியது. எல்லாச் சொற்களையும் விளக்க முற்படுவது வீண். ஐசபெல் பெக் முதலியோர் சொற்களை மூவகையாகப் பிரித்தனர்: பேச்சிலேயே தானாக வந்துசேரும் சொற்கள், பல நூல்களிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள், ஒரு துறைக்கே உரிய சொற்கள். நடு வகையே கற்பித்தற்கு உகந்தது என்பது அவர்கள் கருத்து. நம் கதையில் 'பட்டி' முதல் வகை. 'அந்தி', 'தவித்தது', 'அலைந்தார்' ஆகிய மூன்றும் நடு வகை. ஒரு கதைக்கு மூன்று அல்லது நான்கு சொற்கள் போதும்.

'தவித்தது' என்பதை எடுத்துக்கொள்வோம். 'துன்புற்றது' என்று பொருள் கூறினால், ஒரு புதிய சொல்லுக்கு மற்றொரு புதிய சொல்லைத் தந்ததாகும். "என்ன செய்யறதுன்னு தெரியாம மனசு கெடந்து அடிச்சுக்கறது" என்றால் பிள்ளைக்கு விளங்கும். பின்னர், "திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டால் நீ எப்படி இருப்பாய்?" என்று கேட்கலாம். தாகத்திற்குத் தவித்தல், பிரிவால் தவித்தல் என வேறு இடங்களிலும் அச்சொல்லைப் பயன்படுத்திக் காட்டலாம். 'தவி, தவிப்பு, தவிக்கிறாள்' என்று அதன் குடும்பத்தையும் சேர்த்துக் காட்டினால், ஒரு வேரிலிருந்து பல சொற்கள் கிடைக்கின்றன. 'அலைந்தார்' என்பதற்கு வீட்டிலேயே வாயில் உண்டு. 'ஒரே அலைச்சல்' என்று தாய் சலித்துக்கொள்வதைப் பிள்ளை கேட்டிருக்கும். 'அந்தி' என்பதைப் 'பொழுதோட' என்பதோடு இணைத்துவிடலாம்.

நான்காம் மாலை, பிள்ளைகள் தாமே வாசிக்க வேண்டும். அதன்பின் வினாக்கள். இவற்றையும் மூன்று படிகளாக அமைப்பது நலம். 'எத்தனை ஆடுகள் இருந்தன?' என்பது வரியிலேயே விடையுள்ள வினா. 'தாத்தாவின் கையில் ஏன் கீறல்கள் இருந்தன?' என்பது அவ்வாறன்று. முள் கீறியது என்று கதை எங்கும் கூறவில்லை. இரண்டு வரிகளைச் சேர்த்துப் பிள்ளை தானே கண்டறிய வேண்டும். விளங்கி வாசித்தல் தொடங்கும் இடம் இதுவே. 'பத்தொன்பது ஆடுகள் இருக்கும்போது ஒன்றுக்காக ஏன் இத்தனை தொல்லை?' என்பது கதைக்கு அப்பாற்பட்ட வினா. இதற்கு ஒரே விடை இல்லை. "அது குட்டிங்க, அதுக்கு வழி தெரியாது" என்றான் ஒரு சிறுவன். "குட்டியை வித்தா காசு வருமில்லீங்களா" என்றான் மற்றொருவன். "அம்மா ஆடு அழுகுதில்ல" என்றாள் ஒரு சிறுமி. மூன்றும் கதையைப் பற்றிக்கொண்ட விடைகளே. காசு என்று சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. ஓர் ஆட்டின் விலை அவன் வீட்டில் எத்தனை நாள் கூலி என்பதை அவன் அறிவான்.

ஐந்தாம் மாலை, கதை பிள்ளைகளுடையதாகிறது. படம் வரையலாம், நடித்துக் காட்டலாம், குட்டியே கதை சொல்வதாக மாற்றிச் சொல்லலாம். விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளை, ஆட்டிற்குப் பதிலாகத் தறிக்கூடத்தில் தொலைந்த பூனைக்குட்டியைத் தேடலாம். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே ஆசிரியர் எழுதித் தந்தால், அது அப்பிள்ளைக்கு மற்றுமொரு வாசிப்புப் பாடமாகும்.

5. எழக்கூடிய தடைகள்

இதற்கு நேரம் எங்கே என்று ஆயர்கள் வினவலாம். ஞாயிறு பள்ளியின் ஒரு மணி நேரத்தில் இத்தனையும் அடங்காது என்பது மெய்யே. வாரத்திற்கு ஒரு புதுக் கதை என்னும் வழக்கத்தை மாற்றி, ஒரே கதையை ஐந்து வாரங்கள் எடுத்துச் செல்லலாம். பாடத்திட்டம் முழுவதையும் முடித்தோம் என்னும் நிறைவு நமக்குக் கிட்டாது. ஆனால் ஐந்து கதைகளை ஒலித்த பிள்ளையைவிட ஒரு கதையை விளங்கிக்கொண்ட பிள்ளை பெற்றது மிகுதி.

பெற்றோரின் கவலை வேறு. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்கள் மேனிலைத் தேர்வு மதிப்பெண்களுக்குப் பெயர்போன உறைவிடப் பள்ளிகளின் நிலம். கோழிப்பண்ணை மலிந்த மண்ணில் அத்தகைய பயிற்சிக்குப் 'பிராய்லர் பள்ளி' என்னும் பெயரை மக்களே சூட்டினர். 2017இல் தர வரிசை அறிவிப்பை அரசு கைவிட்ட பின்னும், கேட்டதை அப்படியே ஒப்பிப்பதே கல்வி என்னும் எண்ணம் மறையவில்லை. பிள்ளை தடையின்றி வாசிக்கக் கேட்டாலே போதும் என்று பெற்றோர் மகிழ்வதும் இதனாலேயே. கதையைப் பற்றித் தம் பிள்ளை பேசுவதை அவர்களே வந்து கேட்கச் செய்வதுதான் இதற்குத் தக்க மறுமொழி.

நம்முள் சிலர் மனப்பாட வசனங்களின் பயனைச் சுட்டக்கூடும். மனனத்தை நாம் பழிக்கவில்லை. இளமையில் மனத்திற் பதிந்த வரி முதுமையில் துணைநிற்பதைப் பலர் வாழ்வில் கண்டிருக்கிறோம். மேலும், நூல்மொழியின் ஓசையைப் பிள்ளையின் செவிக்கு ஊட்டுவதில் மனனத்திற்குப் பங்குண்டு. விளங்குதலுக்கு மாற்றாக மனனத்தை வைப்பதையே மறுக்கிறோம். பரிசு பெறும் பிள்ளையிடம் அவ்வசனத்தில் உள்ள ஒரு சொல்லின் பொருளையேனும் கேட்டபின் பரிசளிப்பது என்று ஒரு சபை முடிவு செய்தால், அதுவே நல்ல தொடக்கம்.

6. சபையின் கடன்

அரசும் இத்துறையில் உழைத்து வருகிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலரைக் கொண்டு மாலை வகுப்புகளை நடத்தியது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் சிறுவரை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்க வழிவகுத்தது. 2023இல் 'வாசிப்பு இயக்கம்' வாயிலாகச் சிறு கதைநூல்கள் பள்ளிகளுக்குச் சென்றன. சபை இவற்றோடு போட்டியிட வேண்டியதில்லை. நூலைக் கொடுத்த பின்னும், பிள்ளையோடு அமர்ந்து வாசித்து, வினவி, அதன் மறுமொழிக்குச் செவிகொடுக்கும் ஒருவர் தேவை. அந்த ஒருவரைத் தர நம் சபைகளால் இயலும்.

இது புதிய பணியுமன்று. 1827இல் இலண்டன் மிஷனைச் சார்ந்த என்றி கிறிஸ்ப் சேலத்தில் பணி தொடங்கினார். 1913இல் கொல்லிமலைக்குச் சென்ற ஜெசி பிராண்ட், மருத்துவத்தோடு பள்ளிகளையும் மலைமக்களிடையே நிறுவினார். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தோர் பலர்க்கு எழுத்தைத் தந்தது அக்காலப் பணி. எழுத்தைப் பெற்றோரின் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வெழுத்தின் பொருளைச் சேர்ப்பது நம் காலத்தது. வாசித்தும் பொருள் விளங்காத பிள்ளை, நாளை ஒரு கடன்பத்திரத்தையோ வேலை ஒப்பந்தத்தையோ ஒலித்துவிட்டுக் கைநாட்டு வைத்தவர்போலவே கையெழுத்திட நேரும். நம் மக்களுள் பலர் முன்பணத்திற்காக இவ்வாறு கட்டுண்டதை அறிந்த நாம், இதனைச் சிறு குறையெனத் தள்ள இயலாது.

காசாவுக்குச் செல்லும் வழியில் தேரிலமர்ந்து ஏசாயாவின் நூலை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பியரிடம், பிலிப்பு முதலில் கேட்டது வாசிப்பது விளங்குகிறதா என்பதையே. ஒருவர் வழிகாட்டாவிடில் எவ்வாறு விளங்கும் என்று அவர் மறுமொழி கூறி, பிலிப்புவைத் தம் அருகில் ஏறி அமரச் செய்தார். நம் இறையியல் மாணவர்கள் அடுத்த விடுமுறையில் தம் ஊருக்குச் செல்லும்போது, ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து அதே வினாவைக் கேட்பார்களாக. மேச்சேரிச் சிறுமிக்கு, ஐந்தாம் வாரத்தின் முடிவில், 'வனாந்தரம்' என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. "ஆளில்லாத காடுங்க. அங்க தொலைஞ்சா கூப்பிட்டாலும் யாருக்கும் கேக்காது" என்று சொன்னாள். அதன்பின் அவ்வுவமையைத் தானே எடுத்து, முன்னிலும் மெதுவாக, வாசித்தாள்.